பிரேதத்துக்குத் துணை

கொலை வழக்குத் தீர்ப்பு எதையாவது எடுத்துப் படித்துப் பாருங்கள். சாட்சிகள் வரிசையில், கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு காவலர் வருவார். இன்ஸ்பெக்டர் கொடுத்த வேண்டுகோள் கடிதத்தோடு பிரேதத்தை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார், டாக்டருக்கு அடையாளம் காட்டினார், பரிசோதனை முடிந்ததும் உறவினரிடம் ஒப்படைத்தார், உடம்பில் இருந்த துணிமணிகளை ஸ்டேஷனில் ஆஜர்படுத்தினார். அவ்வளவுதான். குறுக்கு விசாரணை பெரும்பாலும் இருக்காது. வக்கீல்கள் அந்த நேரத்தில் அடுத்த சாட்சியின் வாக்குமூலத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள்.

அந்த நாலு வரிதான் என் சர்வீஸின் பெரும்பகுதி. இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, ஏட்டாகி, சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெறும்வரை காஞ்சிபுரம் சுற்றுவட்டாரத்திலேயே இருந்துவிட்டேன். திருட்டு கண்டுபிடிப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் எத்தனையோ பேர் உண்டு. பாடி எஸ்கார்ட் என்றால் மட்டும் ஸ்டேஷன் ரைட்டர் என் பெயரைத்தான் எழுதுவார். புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவைக்கலாம் என்று தோன்றியது. சட்டப்பிரிவையெல்லாம் டிரெயினிங்கில் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். கையை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்பதைப் பழைய ஆள்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்குச் சொன்னவர் ஒரு ஏட்டையா. பிள்ளையார்பாளையத்தில் தறிக் குடும்பம். அண்ணன் தம்பி எல்லாரும் தறிக்குழியில் உட்கார, இவர் ஒருவர் மட்டும் காக்கிக்கு வந்தவர். சம்பவ இடத்துக்குப் போனால் நாலடி தள்ளியே நின்றுகொள்வார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று சுற்றுவார். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து இன்னொரு தடவை பார்ப்பார். அவசரப்பட்டு நான் குனிந்தால், "தம்பி, முதல்ல கண்ணு. அப்புறம் பேனா. கடைசியிலதான் கை" என்பார். போட்டோகிராபர் வந்து எடுத்து முடிக்கும்வரை போர்த்திய துணியைக்கூட விலக்க விடமாட்டார். துணி போர்த்தியது யார், எப்போது என்று விசாரித்து முதலில் அதை எழுத வைப்பார். ஏனென்றால் அந்தத் துணியும் பிற்பாடு வந்தது. அதிலிருந்து ஒரு முடியோ நூலோ உடம்பில் ஒட்டியிருந்தால் அது எங்கிருந்து வந்ததென்று நாளைக்கு யாராவது கேட்பார்கள்.

வீட்டுச் சாவு என்றால் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். நம் ஜனங்களுக்குச் செத்தவரை அப்படியே கிடக்கவிட மனசு வராது. நாம் போய்ச் சேருவதற்குள் தாடையைத் துணியால் கட்டியிருப்பார்கள், கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து முடிந்திருப்பார்கள், நெற்றியில் காசு, தலைமாட்டில் விளக்கு. சில வீட்டில் குளிப்பாட்டி மஞ்சள்கூடப் பூசியிருப்பார்கள். அதற்காக அவர்கள்மேல் எரிந்துவிழுந்து பயனில்லை. எதை யார் செய்தார்கள், செய்வதற்கு முன்னால் வாயில் நுரை இருந்ததா, புடவை மாற்றினார்களா, மாற்றிய புடவை எங்கே என்று அழுகிற பெண்களிடமே பக்குவமாகக் கேட்டு வாங்க வேண்டும். நனைத்துப்போட்ட புடவையைக் கொல்லையிலிருந்து எடுத்துவந்து கொடுத்தவர்கள் உண்டு. "ஏம்மா தோச்சீங்க?" என்று ஒரு இளம் எஸ்.ஐ. சத்தம் போட்டதில், மறுநாள் அந்த வீட்டில் ஒருவரும் வாயே திறக்கவில்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷமும் நாங்கள் 174 என்று சொல்லிவந்தது, 2024 ஜூலை 1 முதல் புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 194 ஆகிவிட்டது. தற்கொலை, கொலை, விபத்து, மிருகத்தால் அல்லது இயந்திரத்தால் சாவு, சந்தேக மரணம், எதுவானாலும் பஞ்சாயத்தார் முன்னிலையில் பிரேத விசாரணை நடத்தி அறிக்கை எழுத வேண்டும். அறிக்கை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட்டுக்குப் போக வேண்டும் என்பது புதிதாகச் சேர்ந்தது. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் பெண் இறந்திருந்தால் ஆர்.டி.ஓ. விசாரணை. அவர் வரும்வரை நமக்குக் காவல் மட்டும்தான். பிரேத விசாரணை அறிக்கை எதற்கு என்பதில்தான் பலருக்கும் குழப்பம். யார் வெட்டினான், எதற்கு வெட்டினான் என்பதெல்லாம் அதில் வர வேண்டிய அவசியமில்லை, சாவு எப்படி நேர்ந்ததாகத் தோன்றுகிறது என்பதுதான் அதன் வேலை என்று உச்ச நீதிமன்றம் 1975-லேயே பெத்த நாராயணா வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனாலும் ஆர்வக்கோளாறில் கதை முழுவதையும் அதில் எழுதுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது விருந்து.

பார்த்ததை எழுதுவது சுலபமில்லை. ஒரு கேஸில் கழுத்தோரம் பழுப்பாக ஒரு தடம். கூட வந்த அதிகாரி 'சிராய்ப்புக் காயம்' என்று எழுதச் சொல்லிவிட்டார். சாயங்காலத்துக்குள் தெருவே கழுத்தை நெரித்துவிட்டார்கள் என்று பேச ஆரம்பித்தது. மறுநாள் டாக்டர் பார்த்துவிட்டு, இறந்த பிறகு எறும்பு கடித்த இடம் என்றார். எறும்பு மேல்தோலைத் தின்ற இடம் காய்ந்தால் மஞ்சளும் பழுப்புமாக, அச்சு அசல் சிராய்ப்பு மாதிரியே இருக்கும். ஏட்டையா எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று எனக்குத் தெரியும்: 'கழுத்தின் இடப்பக்கம் பழுப்பு நிற அடையாளம், இத்தனை செ.மீ.; உடலின் மேலும் பாயிலும் எறும்புகள் காணப்பட்டன.' அவ்வளவுதான். காயமா இல்லையா என்று சொல்ல டாக்டர் இருக்கிறார். நகைக்கும் இதே விதிதான். தாலியோ மூக்குத்தியோ, தங்கம் என்று எழுதக் கூடாது. 'மஞ்சள் நிற உலோகம்'. வைரம் கிடையாது, 'வெள்ளை நிறக் கல்'. தங்கம் என்று எழுதிவிட்டு அது கவரிங் என்றால், நீங்கள் மாற்றிவிட்டீர்கள் என்றுதான் ஊர் சொல்லும்.

எங்கள் ஊரில் இந்த விதியை ஒட்டி இன்னொரு விஷயம் உண்டு. புறவழிச் சாலையோரம் பெயர் தெரியாத ஒரு பெண். அகலமான ஜரிகைக் கரை போட்ட சேலை. அரக்கு நிறப் பட்டு என்று சொல்லிக்கொண்டே ஒரு அதிகாரி எழுதப்போனார். பஞ்சாயத்தாராக உட்கார்ந்திருந்த பெரியவர் தறிக்காரர். தொடவில்லை, தலையைச் சாய்த்துச் சேலையின் கரையும் உடலும் சேரும் இடத்தைப் பார்த்தார். "கோர்வை இல்லீங்க ஐயா. கரையும் உடம்பும் ஒண்ணா ஓடிருக்கு. இது விசைத்தறி. நம்ம ஊர் சரக்கே இல்ல" என்றார். அறிக்கையில் 'பட்டு போன்ற சேலை' என்று போனது. காஞ்சிபுரம் கடைகளில் போட்டோவைக் காட்டி அலைய வேண்டியிருந்த நேரம் மிச்சம். கடைசியில் ரவிக்கை உட்புறம் தைத்திருந்த டெய்லர் கடைத் துண்டுதான் வேறொரு ஊருக்கு வழிகாட்டியது. பஞ்சாயத்தாரைக் கையெழுத்துக்காகப் பிடித்து வைக்கிற ஆளாக நினைக்காதீர்கள் என்பதற்காகச் சொன்னேன்.

தூக்கு கேஸ் என்று தகவல் வந்தால் ஏட்டையா முதலில் கேட்பது, "உயிர் இருக்கான்னு பாத்தீங்களா?" கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் உடனே இறக்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்பு, மகஜர் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பதில் அவரிடம் இரண்டாவது பேச்சே கிடையாது. முடிந்துவிட்டது என்று உறுதியானால் மட்டும் முடிச்சு முக்கியமாகிறது. முடிச்சை அவிழ்க்கக் கூடாது. அதற்கு எதிர்ப்பக்கத்தில் வெட்ட வேண்டும். வெட்டிய முனை இரண்டும் எது எதோடு சேர்ந்திருந்தது என்று பிறகு தெரிய வேண்டும். பெரும்பாலும் வெள்ளை நூலால் கட்டிவிடுவார்கள். ஒரு தறி வீட்டில் அவர் செய்தது வேறு. வீட்டுக்காரரிடம் சிவப்பில் ஒரு ஊடை நூலும் பச்சையில் ஒன்றும் கேட்டு வாங்கினார். ஒரு வெட்டின் இருபக்கமும் சிவப்பு, இன்னொரு வெட்டின் இருபக்கமும் பச்சை. அறுந்த பாவு இழையை முடிகிற அதே விரல் அசைவு, கண் மூடித் திறப்பதற்குள் நாலு முடிச்சு. எது எதோடு சேரும் என்பதை மகஜரில் ஒரே வரியில் எழுதிவிட்டார். கோர்ட்டில் அந்தக் கயிறு சான்றுப் பொருள் ஆனபோது யாரும் விளக்கம் கேட்கவில்லை.

குளத்துச் சாவில் பார்க்க வேண்டியது கை. கோயில் குளத்திலிருந்து தீயணைப்புக்காரர்கள் ஒருவரைத் தூக்கிப் படியில் போட்டார்கள். மோதிரத்தைக் கழற்றிப் பத்திரப்படுத்தலாம் என்று ஒரு உறவுக்காரர் மூடியிருந்த விரல்களைப் பிரிக்கப் போனார். ஏட்டையா அவர் மணிக்கட்டைப் பிடித்து, "விடுங்க ஐயா, மோதிரம் எங்கயும் போவாது" என்று சொல்லி, கைக்குக் காகித உறை மாட்டித் தளர நூல் சுற்றினார். டாக்டர் திறந்தபோது உள்ளே பாசியும் வேரும். உயிரோடு தண்ணீரில் விழுந்தவன்தான் கைக்கு எட்டியதை அப்படி இறுக்கிப் பிடிப்பான். செத்தபின் தள்ளியிருந்தால் கை அப்படி மூடாது. தள்ளிவிட்டதாக ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்தின் மேல் கொடுத்த புகார் ஒன்று அதற்கு முன்பே ஸ்டேஷனுக்கு வந்து காத்திருந்தது. உயிரோடு விழுந்தார் என்று தெரிந்ததால் புகார் பொய் என்றாகிவிடாது. ஆனால் வேறெங்கோ கொன்று கொண்டுவந்து போட்டார்கள் என்ற பேச்சு அதோடு நின்றது. உறை காகிதமாகத்தான் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் வேர்க்கும், வேர்த்தால் எல்லாம் அழுகிவிடும்.

உடம்பின்மேல் இருப்பது எதுவும் உடம்பைவிட்டுத் தனி இல்லை. இதற்கு எங்கள் மாவட்டத்தில் நடந்ததைவிடப் பெரிய சாட்சி கிடையாது. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பு. ராஜீவ் காந்தியைச் சுற்றியிருந்தவர்களில் காவல் கண்காணிப்பாளர் முகமது இக்பால் உட்பட எங்கள் துறையினர் பலரும் போனார்கள். ராஜீவையே அவர் போட்டிருந்த லோட்டோ காலணியை வைத்துத்தான் கண்டுகொண்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. அந்தக் குவியலில் ஹரிபாபு என்ற போட்டோகிராபரும் கிடந்தார். அவர் உடம்போடு கிடந்தது ஒரு கேமரா. அதை அந்தக் குழப்பத்தில் யாராவது 'யாரோ பத்திரிகைக்காரருடையது' என்று ஓரமாக வைத்திருந்தாலோ, உள்ளே என்ன இருக்கிறதென்று ஃபிலிமைத் திறந்து பார்த்திருந்தாலோ, வழக்கு எங்கே போயிருக்குமோ. அதிலிருந்த 10 படங்களில் சந்தன மாலையோடு நின்ற கண்ணாடி போட்ட பெண்ணை உலகமே பார்த்தது. தமிழ்நாடு தடய அறிவியல் துறை இயக்குநராக இருந்த பேராசிரியர் சந்திரசேகரன், சிதறிய உடல் பாகங்களில் எது எந்த உடலைச் சேர்ந்தது, எந்தப் பாகம் எந்தத் திசையிலிருந்து சேதப்பட்டது, எந்தத் துணித்துண்டு யாருடையது என்று ஒவ்வொன்றாகப் பொருத்தித்தான் குண்டு அந்தப் பெண்ணின் இடுப்பில் கட்டியிருந்தது என்ற முடிவுக்கு வந்தார். பெயர் அவருக்கு, அது நியாயம்தான். ஆனால் அவர் மேஜைக்கு அந்தத் துண்டுகள் கலந்துபோகாமல், எங்கே எடுத்தது என்ற சீட்டோடு போய்ச் சேர வேண்டுமே. வெயில் கொளுத்தும் மே மாதத்தில் அதைப் பொறுக்கிச் சேர்த்த கைகளுக்குப் பெயர் இல்லை.

கோயில் ஊர் என்பதால் எங்களுக்கு இன்னொரு நெருக்கடி உண்டு. கோயிலிலோ சன்னதித் தெருவிலோ பிரேதம் இருந்தால் பூஜை நிற்கும், நடை சாத்திவிடுவார்கள். பெரிய மனிதர்கள் வந்து, "சார், சுவாமி பட்டினி கிடக்கிறார், சீக்கிரம் எடுங்க" என்பார்கள். அவர்கள் சொல்வதும் தப்பில்லை. 2004 செப்டம்பர் 3 அன்று வரதராஜப் பெருமாள் கோயிலில், மேலாளர் சங்கரராமன் வேலைபார்த்த இடத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டதும், அந்த வழக்கு நாடு முழுக்கப் பேசப்பட்டதும், விசாரணை புதுச்சேரிக்கு மாற்றப்பட்டு 2013 நவம்பர் 27 அன்று குற்றம் சாட்டப்பட்ட அனைவரும் விடுதலையானதும் உங்களுக்குத் தெரியும். அதில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, நான் சொல்லவும் கூடாது. அப்படிப்பட்ட இடங்களில் நிற்கப்போகிற காவலருக்கு மட்டும் ஒன்று: அவசரப்படுத்துகிறவர்களுக்கு நேரம் சொல்லுங்கள். 'போட்டோ முடிய அரைமணி, மகஜருக்கு ஒரு மணி நேரம்' என்று கணக்கோடு சொன்னால் அடங்கிவிடுவார்கள். 'சட்டப்படிதான் செய்வோம்' என்றால் சண்டை வரும்.

தூக்கும்போது விறைப்பை உடைக்காதீர்கள். தாடையில் ஆரம்பித்துக் கழுத்து, கை, கால் என்று விறைப்பு இறங்கும். எங்கே இருக்கிறது, எங்கே இன்னும் இல்லை என்பதை வைத்து டாக்டர் நேரம் கணிப்பார். கோடையில் நம் ஊரில் எல்லாம் சீக்கிரம் வந்து சீக்கிரம் போகும். மடங்கிய கை வண்டியில் இடிக்கிறது என்று அழுத்தி நீட்டிவிட்டால் அந்தக் கணக்கு போச்சு. முன்பெல்லாம் வாடகை வேன்காரன் பிரேதம் என்றால் ஓட்டமாக ஓடுவான். கிடைத்தது மீன்பாடி வண்டிதான். மடங்கிய காலோடு அதில் ஏற்ற ஒரு சாமர்த்தியம் வேண்டும். இப்போது வசதிகள் வந்துவிட்டன. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு இலவச அமரர் ஊர்தியும் இருக்கிறது.

மார்ச்சுவரியில் உங்களுக்கு உண்மையான குரு டாக்டர் அல்ல, அங்கே வேலை செய்கிற உதவியாளர். டாக்டர் சொல்ல, இவர் கை செய்யும். எனக்குத் தெரிந்த ஒருவர் தலையைத் தைக்கும்போது தையல் மயிருக்குள்ளேயே மறைகிற மாதிரிப் போடுவார். முகத்தைக் கழுவி, தலைமயிரை வாரிவிட்டுத்தான் காடாத் துணி சுற்றுவார். "பொண்டாட்டி புள்ள பாக்கப்போவுது சார்" என்பார். அவரிடம் மரியாதையாக இருங்கள். அதே சமயம், வெளியே துணிக்கும் நூலுக்கும் என்று குடும்பத்தாரிடம் யாராவது காசு கேட்டால், பார்க்காத மாதிரி டீக்கடைக்குப் போய்விடாதீர்கள். காக்கிச் சட்டை அங்கே நின்றாலே பாதி நிற்கும்.

பரிசோதனை முடிந்ததும் உங்கள் கைக்கு இரண்டு வகை வரும். துணிமணி, விஷம் சந்தேகம் என்றால் சீல் வைத்த உள்ளுறுப்பு ஜாடி. ரத்தத் துணியை ஈரத்தோடு மடித்துக் கட்டாதீர்கள். நிழலில், ஆள் பார்வையில், ஒன்றோடொன்று படாமல் காயவைத்து, இடையில் தாள் கொடுத்துத் தனித்தனிக் காகித உறையில் போடுங்கள். வெட்டு விழுந்த ஓட்டையின் வழியாக மடிப்பு போகக் கூடாது. பிறகு படிவம் 95-ல் கோர்ட்டுக்கு. ஜாடி கோர்ட் கடிதத்தோடு மயிலாப்பூர் தடய அறிவியல் துறைக்குப் போகும். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போன நாட்களில் பக்கத்து சீட்டுக்காரர் "ஊறுகாயா சார்?" என்று கேட்டதுண்டு. ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அங்கே முதலில் பார்ப்பது உள்ளே இருப்பதை அல்ல, ஜாடி மேலுள்ள அரக்கு முத்திரை நீங்கள் கொண்டுபோன முத்திரை மாதிரியோடு ஒத்துப்போகிறதா என்பதைத்தான். ஒரு ஓரம் பெயர்ந்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

உறவினர்களிடம் பேசுவதுதான் இதில் கஷ்டமான பகுதி. "அறுக்க வேணாம் சாமி" என்று காலில் விழுவார்கள். தள்ளிவிட முடியாது, தலையாட்டவும் முடியாது. நான் பெரும்பாலும் வயதான ஆண் ஒருவரைத் தனியே கூப்பிட்டு, "பெரியவரே, எப்படிச் செத்தாருன்னு எழுதாம விட்டா நாளைக்கு இன்சூரன்சும் வராது, சந்தேகமும் போவாது. முகத்துல ஒண்ணும் தெரியாது, நான் கூடவே நிப்பேன்" என்று சொல்வேன். இருட்டிவிட்டால், ராத்திரியிலும் போஸ்ட்மார்ட்டம் செய்யலாம் என்று டிவியில் சொன்னார்களே என்று கேட்பார்கள். 2021 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் அனுமதித்தது உண்மைதான். கொலை, தற்கொலை, சந்தேக மரணம், அழுகிய உடல் இவற்றுக்குச் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை இருந்தாலொழிய அது பொருந்தாது. நம்மிடம் வருவது பெரும்பாலும் அந்த ரகம்தான். நேராகச் சொல்லிவிடுங்கள்; விடியும் வரை அவர்களை வாசலில் பொய் நம்பிக்கையோடு உட்கார வைக்காதீர்கள்.

கேட்பாரற்ற பிரேதங்கள் கோயில் ஊருக்கு நிறைய வரும். தரிசனத்துக்கு வந்த வயதானவர்கள், வீட்டை விட்டு வந்தவர்கள், கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனவர்கள். அங்க அடையாளம், பச்சை குத்தியது, பழைய தழும்பு, பல், கைரேகை, முகம் நேராகவும் பக்கவாட்டிலும் போட்டோ, எல்லாம் எடுத்துவிட்டுத்தான் அடக்கம். எரிக்கக் கூடாது, புதைக்கத்தான் வேண்டும். மூன்று மாதம் கழித்து ஒரு மகன் வந்து நின்றால் தாசில்தார் முன்னிலையில் தோண்ட வேண்டியிருக்கும். ஆகவே எந்த வரிசையில் எத்தனையாவது குழி என்று மயான ஆளிடம் கேட்டுக் கேஸ் டைரியில் எழுதுங்கள். மாலைக்கும் துணிக்கும் சில சமயம் நம் பையிலிருந்துதான் போகும்.

கோர்ட்டில் உங்களைக் கேட்டால் நேரத்தைத்தான் கேட்பார்கள். ஸ்டேஷனில் எப்போது புறப்பட்டீர், மார்ச்சுவரியில் எப்போது ஒப்படைத்தீர், டாக்டர் எப்போது ஆரம்பித்தார், உறவினர் எத்தனை மணிக்குக் கையெழுத்துப் போட்டார். ஸ்டேஷனில் கொடுத்தனுப்பும் டூட்டி பாஸ்போர்ட்டில் ஒரு நேரம், மருத்துவமனைப் பதிவேட்டில் ஒரு நேரம் என்றிருந்தால் இடைப்பட்ட நேரத்தில் பிரேதம் எங்கே இருந்தது என்பதே பெரிய கேள்வியாகிவிடும். அங்கங்கே நின்ற இடத்திலேயே குறித்துவிடுங்கள், ராத்திரி வந்து ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள். கையுறையும் சீல் அரக்கும் ஸ்டேஷனில் கேட்டால் கிடைக்கும். பழுப்புக் காகித உறை மட்டும் ஒரு கட்டு சொந்தக் காசில் வாங்கி வண்டிப் பெட்டியில் போட்டுவையுங்கள். ஜவுளிக்கடைக்காரரிடம் கேட்டால் சும்மாவேகூடக் கொடுப்பார், ஆனால் கடைப் பெயர் அச்சடித்திருந்தால் வாங்காதீர்கள்.